பொன்னாடைக்குப் பிறகு ஒரு கையெழுத்து: சென்னை ரோட்டரி, அரிமா சங்கங்களுக்குத் திறந்த மடல்

சென்னையின் ரோட்டரி, அரிமா சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கூட்டங்களுக்கு வரும் சிறப்பு விருந்தினர்களில் எதிர்காலத்தைத் தொடாமல் பேச்சை முடிப்பவர் குறைவு. "இன்னும் பத்து வருஷத்தில் இந்த ஊரில் பாதி வண்டி மின்சாரத்தில்தான் ஓடும்", "2035க்கு அப்புறம் தண்ணீர் லாரியையே பார்க்க மாட்டீர்கள்", "இனிமேல் வீட்டு மனை ஏறாது". கைதட்டல், பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. சொன்னது பலித்ததா என்று பத்து வருஷம் கழித்துக் கேட்க ஆள் கிடையாது. சொன்னவருக்கே ஞாபகம் இருக்காது. பலித்திருந்தால் மட்டும் இருக்கும்.

நாங்கள் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். பேச்சாளர் ஒன்றைக் கணித்துச் சொல்லும்போது "அப்படி நடக்காது" என்று சபையில் ஒருவர் கை தூக்கினால், இருவரும் அந்த வாக்கியத்தை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போடட்டும். ஆளுக்கு 5,000 ரூபாய் உங்கள் அறக்கட்டளையில் கட்டட்டும். ஆளுக்கொரு தொண்டு நிறுவனத்தின் பெயரைக் குறிக்கட்டும். கெடு நாளில் யார் சொன்னது சரியோ, அவர் குறித்த நிறுவனத்துக்கு முழுத் தொகையும் போகும். யார் பைக்கும் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் லாங் நவ் என்ற அறக்கட்டளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒரு பதிவேட்டை நடத்துகிறது. கெடு குறைந்தது 2 ஆண்டு, சொந்தப் பெயரில்தான் கட்ட வேண்டும், பணம் முதல் நாளே நன்கொடையாகப் போய்விடும். அங்கே பதிவானதில் பெரும் புகழ் பெற்றது அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பந்தயம். 2008 ஜனவரி 1 முதல் 2017 டிசம்பர் 31 வரை, கட்டணம் குறைந்த ஒரு எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டு (சுமார் 500 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதி), எதிர்த்தரப்பு நிதி நிறுவனம் தேர்ந்தெடுத்த ஐந்து ஹெட்ஜ் ஃபண்டுத் தொகுப்புகளை (நிபுணர்கள் அதிகக் கட்டணம் வாங்கி நடத்தும் நிதிகள்) வெல்லும் என்றார். முதல் ஆண்டிலேயே சந்தை 37 சதவீதம் விழுந்தது. எதிர்த்தரப்பு முன்னே போனது. பத்தாண்டு முடிவில் இண்டெக்ஸ் ஃபண்டு ஆண்டுக்கு 8.5 சதவீதம் தந்திருந்தது, எதிர்த்தரப்பின் தொகுப்புகள் சராசரியாகச் சுமார் 3 சதவீதம். ஒமாஹாவில் பெண் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 22 லட்சம் டாலர் போனது. 2008 டிசம்பரில் யாராவது "போதும், முடித்துக்கொள்வோம்" என்றிருந்தால் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும். அதனால்தான் கெடு நாளை நடுவில் யாரும் தொடக் கூடாது என்று எழுதி வைக்கச் சொல்கிறோம்.

உங்களைத் தேடி வரக் காரணம் உண்டு. அறக்கட்டளை, தணிக்கை செய்த கணக்கு, மினிட்ஸ் புத்தகம், வாதாடத் தயங்காத உறுப்பினர்கள் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னொரு காரணம் போலியோ. 1985இல் ரோட்டரி போலியோ ஒழிப்பு வேலையில் இறங்கியது. 1988இல் உலக சுகாதார சபை, 2000ஆம் ஆண்டுக்குள் ஒழிப்போம் என்று தீர்மானம் போட்டது. கெடு தவறியது. ஆனால் தவறியதை யாரும் பூசி மெழுக முடியவில்லை, ஏனென்றால் எதை எண்ணுவது என்பது தெளிவாக இருந்தது. 2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் பாதிப்பு ஒன்றும் பதிவாகவில்லை. மூன்று ஆண்டு கண்காணித்த பிறகு 2014 மார்ச் 27 அன்று சான்றிதழ் வந்தது. தோல்வியும் தேதியோடு இருக்கிறது, வெற்றியும் தேதியோடு இருக்கிறது. நோட்டில் வேண்டியது இந்தக் கறார்தான்.

இதற்கு நேர் எதிரானதும் நம் ஊரைப் பற்றியே உண்டு. 2020க்குள் சென்னை உட்பட 21 பெரிய நகரங்களில் நிலத்தடி நீர் பூஜ்யத்தை எட்டும் நிலை இருக்கிறது என்று 2018 ஜூனில் நிதி ஆயோக் அறிக்கை ஒன்று சொன்னது. பூஜ்யம் என்றால் எத்தனை அடி ஆழத்துக்கு? எந்தக் கண்காணிப்புக் கிணற்றில்? எந்த மாதத்தில்? ஒன்றும் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அதை எடுத்துக் காட்டாதவர் இல்லை. 2020 முடிந்து போர்வெல்களில் தண்ணீர் வந்துகொண்டிருந்தபோது அதே வாக்கியத்தைத் தேடி எடுத்து வைத்தவர் மிகக் குறைவு. பஞ்சாங்கத்தில் மழையை மரக்கால் கணக்கில் சொல்வார்கள், அளவாவது இருக்கிறது. எந்த இடத்தில் அளப்பது என்பதுதான் இல்லை. அறிக்கையும் பஞ்சாங்கமும் இந்த ஒரு விஷயத்தில் பங்காளிகள்.

ஆக, வேலையில் முக்கால் பங்கு வாக்கியம் எழுதுவதில் இருக்கிறது. "சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் தீரும்" என்பதை நோட்டில் ஏற்றக் கூடாது. இப்படி எழுதலாம்: "2027 ஜனவரி 1 முதல் 2036 டிசம்பர் 31 வரை எந்த ஒரு நாளிலும், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் கூட்டு இருப்பு, சென்னைக் குடிநீர் வாரியம் வெளியிடும் தினசரி அட்டவணைப்படி, 200 மில்லியன் கன அடிக்குக் கீழே போகாது."

ஏரிப் பெயர்களைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான்கு ஏரிகளின் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. 2020இல் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடியோடு சேர்ந்தது. மொத்தம் 11,757 ஆனது. வீராணத்தையும் கூட்டினால் 13,222. "ஏரிகளின் இருப்பு 2 சதவீதம்" என்று எழுதினால், எதில் 2 சதவீதம் என்று பத்து வருஷம் கழித்துச் சண்டை வரும். தூர் வாரினால் கொள்ளளவே மாறும். அதனால் சதவீதம் வேண்டாம், கன அடியில் எழுதுங்கள். இன்னொன்று: ஏரி வறள்வதும் குழாயில் தண்ணீர் நிற்பதும் ஒன்றல்ல. மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் ஓடுகின்றன. பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டர் ஆலை கட்டுகிறார்கள். இருவரும் உண்மையில் எதில் மோதுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். வாதம் குழாயைப் பற்றியும் வாக்கியம் ஏரியைப் பற்றியும் இருந்தால், ஜெயித்தவருக்கே ஜெயித்த மாதிரி இருக்காது.

"சென்னை" என்ற சொல்லே ஒரு கண்ணி. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு விரிந்தது. பெருநகரப் பகுதியை 1,189இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக்கி 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. மக்கள்தொகை, வாகனம், மரம், குப்பை என்று எதை எண்ணினாலும் எல்லை மாறினால் எண்ணும் மாறும். "பதிவு நாளில் இருந்த 426 சதுர கிலோமீட்டர் மாநகராட்சி எல்லை" என்று ஒரு வரி போதும். மூல எண் வராமலே போவதும் உண்டு: 2012இல் ஒருவர் "2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இத்தனை லட்சம்" என்று பந்தயம் கட்டியிருந்தால், அந்தக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஒவ்வொரு பதிவிலும் முதல் மூலம், அது இல்லையென்றால் இரண்டாவது மூலம், அதுவும் இல்லையென்றால் தொகையை இரு நிறுவனங்களுக்கும் சரிபாதி என்று மூன்று படி வையுங்கள். இணைய முகவரியை மட்டும் குறிப்பது ஆபத்து. லாங் நவ் பதிவேட்டிலேயே 2011இல் ஒருவர், "இந்தப் பந்தயம் பதிவான இணைய முகவரியே 11 ஆண்டு தாங்காது" என்று கட்டினார். 2022 பிப்ரவரியில் முகவரி உயிரோடு இருந்தது, அவர் தோற்றார். நம் அரசுத் துறைத் தளங்களை வைத்து அதே பந்தயம் என்றால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? அதனால் மூலத்தின் பக்கத்தைப் பதிவு நாளன்றே அச்செடுத்து நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

மழைப் பந்தயம்தான் நம் ஊரில் அதிகம் வரும். அதற்கு நான்கு விஷயம். நிலையம்: நுங்கம்பாக்கமா, மீனம்பாக்கமா? ஒரே நாளில் இரண்டும் பல சென்டிமீட்டர் வேறுபடும். நாள்: வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. 2015 டிசம்பர் 1 அன்று கொட்டிய பெருமழை 2ஆம் தேதிக் காலைக் கணக்கில்தான் எழுதப்பட்டது. பருவம்: வடகிழக்குப் பருவமழைக் கணக்கு அக்டோபர் 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடியும், ஜனவரியில் பொங்கலுக்கு முன் பெய்வது அதில் சேராது. நான்காவது "சராசரி". தென்மேற்குப் பருவமழையின் அகில இந்திய நீண்டகாலச் சராசரியை 2022இல் 88 சென்டிமீட்டரிலிருந்து 87ஆக மாற்றினார்கள், அடிப்படை ஆண்டுகளை நகர்த்தியதால். "சராசரிக்கு மேல்" என்று எழுதாமல் "இத்தனை மில்லிமீட்டருக்கு மேல்" என்று எழுதினால் இந்தத் தலைவலி இல்லை.

மெட்ரோ, மேம்பாலம், விமான நிலையம் என்றால் "திறப்பு" என்ற சொல்லில் கவனம். சோதனை ஓட்டம் ஒரு நாள், பாதுகாப்பு ஆணையர் அனுமதி வேறொரு நாள், ரிப்பன் வெட்டுவது இன்னொரு நாள், டிக்கெட் வாங்கிய பயணி ஏறுவது கடைசியாக. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், "2030க்குள் முடியும்" என்றால் எத்தனை கிலோமீட்டர்? கடைசி 500 மீட்டர் என்ன செய்யும் என்பதை வேளச்சேரி பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு இந்த ஊருக்கு வருஷக்கணக்கில் கற்றுக்கொடுத்திருக்கிறது. "டிக்கெட் வாங்கிய பொதுப்பயணி ஏறக்கூடிய நிலையில், மூன்று வழித்தடங்களிலும் சேர்த்து 110 கிலோமீட்டருக்குக் குறையாமல்" என்பது நிற்கும் வாக்கியம்.

காரணத்தை வாக்கியத்துக்குள் நுழைக்காதீர்கள். கிருமிகளை ஆயுதமாக்கும் பயங்கரவாதத்தாலோ ஆய்வகப் பிழையாலோ ஒரே நிகழ்வில் பத்து லட்சம் பேர் பாதிக்கப்படுவார்கள், அது 2020 முடிவதற்குள் தொடங்கும் என்று வானியலாளர் மார்ட்டின் ரீஸ் கட்டினார். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் மறுத்துக் கட்டினார். கெடு நெருங்கியபோது கொரோனா வந்தது. எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. வைரஸ் ஆய்வகத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்தா என்பதில் பந்தயம் மாட்டிக்கொண்டது. உலக நாடுகளே தீர்க்க முடியாத கேள்வியை உங்கள் நடுவர் தலையில் கட்டாதீர்கள்.

தொடக்க நாளும் பேசும். 1980இல் பொருளாதார நிபுணர் ஜூலியன் சைமனும் உயிரியலாளர் பால் எர்லிக்கும் குரோமியம், தாமிரம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களில் ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வைத்து, பணவீக்கம் கழித்த விலை பத்தாண்டில் ஏறுமா இறங்குமா என்று கட்டினார்கள். ஐந்தும் இறங்கின. 1990 அக்டோபரில் எர்லிக் 576 டாலர் 7 சென்டுக்குக் காசோலை அனுப்பினார். (அது தொண்டுக்குப் போகவில்லை, சைமன் கைக்கே போனது.) 1980 விலை உச்சத்தில் இருந்த ஆண்டு, வேறு பல ஆண்டுகளில் தொடங்கியிருந்தால் எர்லிக் ஜெயித்திருப்பார். தொடக்கத்துக்கு ஒரே நாளின் விலையை எடுக்காமல் மூன்று ஆண்டுச் சராசரியை எடுத்தால் இந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் குறையும்.

பணத்துக்கு வருவோம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்தவர் கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாது. "தோற்றால் தருகிறேன்" என்ற வாக்குறுதியை வாங்கி வைப்பதில் பயன் இல்லை என்பதற்கு இதுவே போதும். முதல் நாளே இருவரும் திரும்பப் பெற முடியாத நன்கொடையாகக் கொடுத்துவிட வேண்டும். எந்த நிறுவனத்துக்குப் போகும் என்பது மட்டும் நிகழ்வைப் பொறுத்தது. செயலி செய்யாதீர்கள், பொதுமக்களிடம் பங்கு வசூலிக்காதீர்கள், பார்வையாளருக்குப் பரிசு அறிவிக்காதீர்கள். இணையத்தில் பணம் வைத்து ஆடுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. அந்தப் பக்கமே போக வேண்டாம். காகித நோட்டு, இரண்டு பெயர், இரண்டு ரசீது. தொடங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் ஒரு கருத்து வாங்கி முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். தேர்தல், கிரிக்கெட், நீதிமன்ற வழக்கு, தனி மனிதரின் உடல்நலம், நான்கையும் விலக்கிவிடுங்கள்.

ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு, இதில்தான் பலரும் வழுக்குவார்கள். அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே செலவிட வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கு அறிவித்துச் சேர்த்து வைத்தாலும் 5 ஆண்டுதான். பத்தாண்டுப் பந்தயத்தின் பணத்தைச் சாதாரண நன்கொடைக் கணக்கில் போட்டால் மாட்டும். கொடுப்பவர் எழுத்தில் "மூலநிதிக்கு" (செலவழிக்காமல் வைத்திருக்கும் நிதிக்கு) என்று குறித்துக் கொடுத்து, அனுமதிக்கப்பட்ட முதலீட்டில் தனியே வைக்கும் வழி இருக்கிறது. ஆனால் கெடு நாளில் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றும்போது கணக்கு எப்படி நிற்கும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குழப்பம் வேண்டாம் என்றால் முதல் சில ஆண்டுகள் 2 முதல் 4 ஆண்டுக் கெடு உள்ள பந்தயங்களை மட்டும் எடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை (80ஜி என்று பழகிய பெயர்) கிடையாது; புதிய வருமானவரித் திட்டத்தில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இதைச் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

10,000 ரூபாய் ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டு வட்டியில் பத்தாண்டில் 19,672 ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்று 10,000 ரூபாய்க்கு வாங்குவதை அன்று வாங்க 16,289 வேண்டும். இரட்டிப்பானது போலத் தெரியும், உண்மையில் ஐந்தில் ஒரு பங்குதான் வளர்ந்திருக்கும். ஆகவே பணம் பெருகும் என்று விளம்பரம் செய்யாதீர்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாயிரம் இன்றே போவது நல்லதில்லையா என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயம்தான். எங்கள் பதில்: பந்தயத் தொகையைச் சிறிதாகவே வையுங்கள். வழக்கமாகக் கொடுப்பதை நிறுத்தி இதில் போட வேண்டாம். கட்டும் பணம் வாயைக் கட்டுவதற்கு. அதற்கு 5,000 தாராளம். குறித்த நிறுவனம் நடுவில் மூடினாலோ பதிவை இழந்தாலோ யாருக்கு என்று மாற்றுப் பெயரும் எழுதுங்கள்.

நடுவர் மூன்று பேர். பெயரால் அல்ல, பொறுப்பால்: அந்த ஆண்டின் தலைவர், முந்தைய ஆண்டின் தலைவர், அறக்கட்டளையின் ஆடிட்டர். பத்தாண்டில் மனிதர்கள் மாறுவார்கள், ஊர் மாறுவார்கள், காலமும் ஆவார்கள். கட்டியவர் இறந்தாலும் பந்தயம் தொடரும். வாரிசின் கையெழுத்து தேவையில்லை, ஏனென்றால் பணம் ஏற்கெனவே அவர்களுடையது அல்ல. உங்கள் சங்கங்களில் ஜூலை 1 அன்று பொறுப்பு கைமாறுகிறது. இந்த நோட்டு செத்துப்போகக்கூடிய நாளும் அதுதான். ஒப்படைப்புப் பட்டியலில் காசோலைப் புத்தகத்துக்கு அடுத்த வரியில் இதைச் சேருங்கள். புதுச் செயலாளர் முதல் கூட்டத்தில் அந்த ஆண்டு முடியும் கெடுக்களை வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் ஆகும்.

இன்னும் ஒன்று, விருப்பம் இருந்தால். கையெழுத்துப் போடும்போது ஒவ்வொருவரும் தன் நம்பிக்கையைச் சதவீதத்தில் எழுதட்டும். வானிலை கணிப்புகளைச் சோதிக்க கிளென் பிரையர் 1950இல் சொன்ன கணக்கு எளிது: நடந்தால் 1, நடக்காவிட்டால் 0, சொன்ன நிகழ்தகவை அதிலிருந்து கழித்து வர்க்கம் எடுங்கள். 90 சதவீதம் என்று சொன்னது நடந்தால் 0.01, நடக்காவிட்டால் 0.81. "பாதிக்குப் பாதி" என்பவருக்கு எப்போதும் 0.25. குறைந்தால் நல்லது. ஒரு கணிப்பை வைத்து யாரையும் எடை போடாதீர்கள்; குறைந்தது இருபது சேரட்டும். பந்தயத்தில் தோற்றவருக்கு இருபது கணிப்புகளின் சராசரி நன்றாக இருப்பதும், ஜெயித்தவர் ஒரே ஒரு முறை குருட்டாம்போக்கில் அடித்ததும் அப்போதுதான் தெரியும்.

முதல் பக்கம் காலியாக இருக்க வேண்டாம் என்பதால் நாங்களே ஒன்றைக் கட்டுகிறோம். "2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்திலிருந்து, டிக்கெட் வாங்கிய பயணிகளோடு ஒரு வணிக விமானம் 2032 டிசம்பர் 31 நள்ளிரவுக்குள் புறப்பட்டிருக்காது. பெயர் மாறினாலும் இடம் அதே என்றால் பொருந்தும். திட்டம் கைவிடப்பட்டாலும் கெடு நாள் வரை தீர்ப்பு இல்லை. மூலம்: விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவு; அது கிடைக்காவிட்டால் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பயணிகள் புள்ளிவிவரம்; இரண்டும் இல்லையென்றால் சரிபாதி." எங்கள் நம்பிக்கை 70 சதவீதம். தொகை 5,000 ரூபாய், காசோலையாக. ஜெயித்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு. "பறக்கும்" என்று கையெழுத்துப் போட உங்களில் ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
இந்நகரின் எண்களைப் பின்தொடரும் சிலர்,
மயிலாப்பூர், சென்னை.